தூண்டிற்காரன் மரியாதை

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நம்மவர்கள் எத்தனையோ ஒழுங்குகள் வைத்திருக்கிறார்கள். பக்கத்து இலைக்காரர் மோருக்கு வரும் முன் நாம் எழுந்துவிடக் கூடாது. பெரியவர்கள் கை வைக்கும் முன் சிறியவர்கள் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் யாரும் புஸ்தகம் படித்துத் தெரிந்து கொண்டதல்ல; பார்த்துப் பார்த்துப் பழகிக் கொண்டது. ஆனால் மீன் பிடிப்பதற்கும் மரியாதை உண்டு என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறது. மீன் பிடிக்கிறவனுக்கு வேண்டியது வலையும் அதிர்ஷ்டமும். அதில் மரியாதைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். மீனிடம் மரியாதை காட்டுவதாயிருந்தால் அதைப் பிடிக்காமலே இருந்துவிடலாமே என்று சைவ நேயர்கள் கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. இந்த வாரம் அவற்றைத்தான் சற்று ஆராயலாம் என்று எண்ணுகிறோம்.

நாம் வசிக்கும் கனகசெட்டிக்குளம், புதுச்சேரிப் பிரதேசத்தின் வட கோடியில் காலாப்பட்டையும் தாண்டியிருக்கும் கடற்கரைக் கிராமம். ஊரின் பெயரில் குளம் இருக்கிறது. ஊரின் வயிற்றை வளர்ப்பதோ கடல். இங்கே மீன் பிடிப்பது விளையாட்டு அல்ல. ஆகையால், மீன் பிடிப்பதையே ஒரு வித்தையாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டு, அதற்கென்று ஒரு நடத்தை முறையும் வகுத்துக் கொண்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கடலுக்கு முதுகைக் காட்டி நீலகிரி மலை ஏற வேண்டும்.

நீலகிரியின் உச்சிப் பகுதியிலுள்ள ஏரிகளிலும் ஓடைகளிலும் டிரௌட் என்னும் மீன் இருக்கிறது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடும், உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டும் கொண்ட அழகான மீன். ஆனால் அது நம் நாட்டுப் பிறவி அல்ல. குளிர்ந்த ஜலத்தில்தான் அது வாழும். 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போனால் தவிக்கும், 25 டிகிரியைத் தாண்டினால் உயிர் தரிப்பதே அரிது. ஊரை விட்டு வந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு மற்ற ஏக்கங்களோடு இந்த மீனைப் பற்றிய ஏக்கமும் இருந்தது. சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்தவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1860-களில் டிரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார். முயற்சி பலிக்கவில்லை. பிறகு ஹெச். ஸி. வில்ஸன் என்பவர் 1907-ஆம் வருஷத்தை ஒட்டி, உதகமண்டலத்துக்கு அப்பால் அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் நிலையம் அமைத்து, அந்த மீனை மலை ஜலத்தில் நிலைக்கச் செய்தார். காஷ்மீரத்திலும், மூணாற்றிலும், இலங்கையின் நுவரெலியாப் பக்கத்திலும் இவ்விதமே அது குடியேறியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு நம் பக்கத்தில் மலை கிடையாது. அதனால் புதுச்சேரி இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தது!

தூண்டில் நமக்குப் புதிதல்ல. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு வள்ளுவர் உவமை சொல்லியிருக்கிறார். ஆனால் நம்முடைய தூண்டில் வேறு, டிரௌட் தூண்டில் வேறு. நாம் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, ஜலத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்போம். எட்டிப் போட வேண்டுமானால் ஈயக் குண்டின் கனம் கயிற்றை இழுத்துக் கொண்டு போகும். டிரௌட் பிடிப்பவரோ முள்ளின் மேல் இறகையும் பட்டு நூலையும் சுற்றி, ஈயைப் போலவோ கொசுவைப் போலவோ ஒரு போலிப் பூச்சி செய்து வைத்திருக்கிறார். அதற்குக் கனமே கிடையாது. ஆகவே இங்கே கனமாயிருப்பது கயிறு. நீண்ட கம்பை முன்னும் பின்னும் வீசும்போது கயிறு காற்றில் வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் நேராக நீண்டு, நுனியிலிருக்கும் பூச்சியை ஓசையின்றி ஜலத்தின் மேல் இறக்குகிறது. உயிருள்ள ஈ ஒன்று களைத்துப் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது போலிருக்க வேண்டும். சொட்டென்று விழுந்தால் மீன் ஓடிவிடும். பத்து நாளில் கற்கக் கூடிய வித்தை அல்ல இது.

சில வருஷங்களுக்கு முன்பு, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருடன் நீலகிரியில் ஓர் அணைக்கட்டு ஏரிக்குப் போயிருந்தோம். நண்பர் முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். நமக்குத் தூண்டில் போடும் ஆசை இல்லை. கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே நம் உத்தேசம்.

விடியற்காலையில் ஏரியின் மேல் பஞ்சு விரித்தாற்போல் மூடுபனி கிடந்தது. நண்பர் கரைக்கு வந்ததும் தூண்டிலை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் சும்மா நின்று ஏரியைப் பார்த்தார். எங்கே வளையம் எழுகிறது, யார் எங்கே நின்று வீசுகிறார்கள் என்று கவனித்தார். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்தபடியே கரையை நெருங்கினார். ஏன் இந்தப் பதுங்கல் என்று கேட்டோம். "மீனுக்கு வீட்டு ஜன்னல் ஒன்றுதான்" என்றார்.

அதன் பொருளை அவர் பிறகு விளக்கினார். ஜலத்திற்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும், தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகவே தெரிகிறது. ஒளி ஜலத்தில் நுழையும்போது வளைவதனால் ஏற்படும் விந்தை இது. நிமிர்ந்து நிற்பவன் அந்த ஜன்னலில் நன்றாகத் தெரிவான். எட்டத்தில் குனிந்து நிற்பவன் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கி, இருப்பதே தெரியாமல் போவான். இன்னொரு விஷயம்: ஓடையில் டிரௌட் நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நிற்கும், இரை அதன் வாய்க்கே மிதந்து வரும். ஏரியிலோ ஓட்டம் இல்லை. ஆகையால் மீன்தான் கரையோரமாகச் சுற்றி வந்து இரை தேட வேண்டும். கரையில் ஒருவன் தடதடவென்று நடந்தாலும், முழங்கால் ஜலத்தில் இறங்கி உழப்பினாலும், கெடுவது அவன் மீன் மட்டும் அல்ல. அடுத்த வளைவில் காத்து நிற்பவனுடைய மீனும் கெடுகிறது.

மரியாதை முழுவதும் இங்கேதான் பிறக்கிறது என்று நமக்குப் பட்டது. முதலில் வந்தவன் நிற்கும் இடம் அவனுடையது; அவன் வீசும் திசையிலுள்ள தண்ணீரும் அவனுடையது. அவனுக்குப் பக்கத்தில் நிற்க விரும்பினால் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். கடந்து போக வேண்டுமானால் கரையை விட்டு விலகி, அவன் முதுகுப் பக்கமாக, அவனுடைய கயிறு பின்னால் வீசும் தூரத்தையும் ஒதுக்கிப் போக வேண்டும். படகில் செல்பவர்கள் காற்றின் போக்கில் மிதந்துகொண்டே தூண்டில் போடுவார்கள்; இன்னொரு படகு மிதந்து போகப் போகும் வழியில் குறுக்கிடக் கூடாது. திரும்பி வரும்போதும் பெரிய வட்டமாகச் சுற்றி வர வேண்டும். ஒருவனுக்குப் பெரிய மீன் மாட்டிக் கொண்டால் பக்கத்திலிருப்பவன் தன் கயிற்றைச் சுருட்டிக் கொண்டு வழி விட வேண்டும். கேளாமல் யோசனை சொல்லக் கூடாது. கேட்டால், எந்தப் பூச்சிக்கு மீன் வருகிறது என்பதை ஒளிக்கவும் கூடாது.

காலையில் நண்பருக்கு இரண்டு மீன்கள் கிடைத்தன. சிறியதாயிருந்த ஒன்றை, கையை ஜலத்தில் நனைத்துக் கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே விட்டார். மீனின் உடம்பு வழவழப்பாயிருப்பது அதற்குக் கவசம். உலர்ந்த கை பட்டால் அந்தப் பூச்சு உரிந்து நோய் பற்றிக் கொள்ளும். மற்றொன்றை, துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியில் முடித்து, இராச் சாப்பாட்டுக்கு வைத்துக் கொண்டார். "இன்றைக்கு இது போதும்" என்றார். அனுமதிச் சீட்டு அதற்கு மேலும் இடம் கொடுத்திருந்தது.

சாயங்காலம் நடந்ததுதான் முக்கியம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் வேளையில் பூச்சிகள் ஜலத்தின் மேல் கூட்டமாய் எழும். டிரௌட்டுக்கு அதுவே விருந்து நேரம். ஏரிக்குள் நீட்டிக் கொண்டிருந்த ஒரு நிலமுனையின் அருகில் வளையத்தின் மேல் வளையமாக எழுந்துகொண்டிருந்தது. நண்பர் அன்று பகல் முழுவதும் காத்திருந்தது அதற்காகத்தான். ஆனால் முனையில் ஏற்கெனவே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயதிருக்கும். கையில் மூங்கில் கம்பு, நைலான் கயிறு, டப்பாவில் மண்புழு. டிரௌட் மேலே துள்ளிக் கொண்டிருக்க, அவன் அடியில் திரியும் கெண்டைக்காகத் தக்கையைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

நண்பர் இருபது கஜம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயத்தில் வேறொருவர் வந்தார். நல்ல பூட்ஸு, நல்ல கம்பு, பாக்கெட்டுக்குப் பாக்கெட் வைத்த சட்டை. நேரே பையனிடம் போய், "தம்பி, அந்தப் பக்கம் போய்ப் போடு. இது டிரௌட் பிடிக்கிற இடம்" என்றார். பையன் எழுந்து கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான். நண்பர் எழுந்து போய், "அவன் முதலில் வந்தவன், சார்" என்றார் மெதுவாக. "அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார் வந்தவர். "லைசென்ஸ் அவனுக்கும் சர்க்காருக்கும் உள்ள வழக்கு. காவலர் வந்து கேட்கட்டும். முறை என்பது அவனுக்கும் நமக்கும் உள்ள வழக்கு" என்றார் நண்பர். வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கரையோடு போய்விட்டார். பையன் மறுபடியும் உட்கார்ந்தான். கால் மணி கழித்து அவனாகவே, "எனக்குப் போதும் ஐயா, நீங்க போடுங்க" என்று இடம் விட்டான். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, வளையங்களும் நின்றுவிட்டன. நண்பர் நாலைந்து முறை வீசிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

நண்பர் செய்தது சரியா என்று அன்று இரவெல்லாம் யோசித்துக் கொண்டிருந்தோம். ஏனெனில், தூண்டிற்காரர்களின் மரியாதைக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் இரண்டு முகங்கள் இருக்கின்றன.

1496-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று உண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிகாஸ்திரீ எழுதியதாகப் பரம்பரையாகச் சொல்வார்கள். பூச்சி கட்டும் வகைகளைச் சொல்லிவிட்டு, அந்த நூல் கடைசியில் நடத்தைக்கு வருகிறது. ஏழையின் சொந்த நீரில் அவன் உத்தரவின்றி மீன் பிடிக்காதே, பிறர் வைத்த பொறியில் அகப்பட்டதை எடுக்காதே, வேலியை உடைக்காதே, திறந்த கதவைச் சாத்திவிட்டுப் போ, பேராசையால் அளவுக்கு மேல் பிடிக்காதே என்பவை அதன் புத்திமதிகள். ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் இவற்றில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை. முதலில் நிற்பவன் ஏழை என்பதையும் கவனிக்க வேண்டும். இது ஒரு முகம்.

மற்றொரு முகம் நம் நாட்டில் தெரிந்தது. நீலகிரியில் துரைமார்கள் 1877-இல் வேட்டைச் சங்கம் ஒன்று ஏற்படுத்தினார்கள். 1879-இல் சென்னை சர்க்கார், அந்த மலையின் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் செய்தது. கண்டபடி சுட்டுத் தள்ளுவதை அது தடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மலையில் ஆதிகாலம் முதல் வாழ்ந்தவர்களைக் கலந்து கொண்டா பருவமும் அளவும் தீர்மானித்தார்கள்? துரைக்குத் துரை வழி விடுவார், தொப்பியைத் தூக்குவார். கூடையைச் சுமந்து பின்னால் வந்தவனுக்கு அந்த ஜலத்தில் முறை ஏது? தமக்குள் மட்டும் காட்டிக் கொள்ளும் மரியாதைக்கு வேறு பெயர் உண்டு, அது சலுகை. நண்பர் அந்தப் பையனுக்காகப் பேசியபோது, 1496-ஆம் வருஷத்து முகத்தின் பக்கம் நின்றார் என்றே நாம் கருதுகிறோம்.

இதைப் படித்துவிட்டு, மரியாதையை நாம் இங்கிலீஷ்காரர்களிடம் கற்க வேண்டியிருக்கிறதா என்று யாரும் வருந்த வேண்டாம். சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு ஏரியில் செம்படவர்களிடையே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாய் விழும் இடங்கள் சில. வலை வைத்திருப்பவர்கள் பலர். யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் கிராமத்தார் தீர்மானித்துக் கொள்வார்கள். இன்று நல்ல இடம் பெற்றவனுக்கு நாளை சுமாரான இடம். கொச்சிக் காயலிலும், இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்ற வழக்கம் இருந்து வருகிறது. வயிற்றுப் பிழைப்பே தண்ணீரில் இருப்பவர்கள், சண்டையில்லாமல் தண்ணீரைப் பங்கிட்டுக் கொள்ளக் கண்ட வழி இது. ஆனால் இதையும் ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. முறையில் பெயர் உள்ளவனுக்குத்தான் பாடு. பெயர் இல்லாத ஊர்க்காரனுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைக்கும் நல்ல இடம் எட்டாது. துரைமார் சங்கத்தில் கண்ட குறையின் சாயல் இங்கேயும் இருக்கிறது.

மரியாதை அறவே போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. மீன் முட்டையிடும் காலத்தில் கடலுக்கு ஓய்வு வேண்டுமென்று, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாதென்று விதி இருக்கிறது. 2017-க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. சுருக்கு வலை விவகாரமோ இன்னும் கடுமை. ஒரு கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளிவிடும் இந்த வலையினால் ஊருக்கு ஊர் பகை மூண்டு, விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 ஜனவரியில், தமிழ்நாட்டுக் கரையைப் பற்றிய வழக்கில், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. கிழமையும் மணியும் குறிப்பது நீதிபதிகளின் வேலையா? கரையில் இருந்தவர்கள் தங்களுக்குள் குறித்துக் கொள்ளத் தவறியதால் அது அவர்கள் தலையில் விழுந்தது.

இனி, சைவ நேயர்களின் கேள்விக்கு வருவோம். பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிடுவதை இக்காலத்துத் தூண்டிற்காரர்கள் பலர் பெரிய ஜீவகாருண்யமாகச் சொல்கிறார்கள். சிறிய மீனை வளர விடுவது நியாயம். சினை மீனை விடுவதும் நியாயம். ஆனால் தின்னும் உத்தேசமே இல்லாமல், விடுவதற்கென்றே நாள் முழுவதும் பிடித்துக் கொண்டிருப்பது தர்மமா? சுவிட்ஸர்லாந்தில் அப்படிச் செய்வது சட்ட விரோதம். பசிக்காக ஒன்றைப் பிடித்து, அதை வதைக்காமல் முடிப்பவன், வேடிக்கைக்காக ஐம்பதைப் பிடித்து விடுபவனைக் காட்டிலும் கொடியவன் என்று நமக்குத் தோன்றவில்லை. மேலும், வேறு நாட்டிலிருந்து வந்த டிரௌட், புகுந்த இடத்திலுள்ள சிறு ஜீவன்களை விழுங்கித்தான் வளர்கிறது. உலகத்திலே அதிகக் கேடு செய்யும் அந்நியப் பிராணிகள் நூறு என்று விஞ்ஞானிகள் தொகுத்த ஜாபிதாவில் வானவில் டிரௌட்டும் இடம் பெற்றிருக்கிறது. இருக்கும் ஏரியில் இருக்கட்டும். இல்லாத ஓடையில் ஆசைப்பட்டுக் கொண்டுபோய் விடாதிருப்பதும் தூண்டிற்காரனின் கடமையே.

கோடை விடுமுறையில் நேயர்கள் பலர் குடும்பத்தோடு மலைக்குப் போவார்கள். எல்லோரும் தூண்டில் போடப் போவதில்லை. போட விரும்புகிறவர்கள், எந்த நீரில் அனுமதி உண்டு, எதில் இல்லை என்பதை மீன்வளத் துறையாரிடம் முன்னாடியே விசாரித்துக் கொள்ள வேண்டும். தேசியப் பூங்காவாகிவிட்ட முக்குறுத்தி போன்ற இடங்களில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். மற்றவர்களுக்கும் ஏரிக் கரையில் கடமை உண்டு. குழந்தைகள் ஜலத்தில் கல் எறிய விரும்பினால், யாராவது தூண்டிலோடு நிற்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அறுந்த நைலான் கயிறு கண்ணில் பட்டால் சுருட்டி எடுத்து வாருங்கள். கொக்கின் காலிலும் நாரையின் காலிலும் சுற்றிக் கொள்ளும் யமன் அது. சாப்பிட்ட பொட்டலத்தையும் பாட்டிலையும் கரையில் விட்டு வராதீர்கள்.

இவ்வளவுக்கும் மேலாக, நல்ல இடத்தில் ஒருவன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தால், அவன் கையிலிருப்பது விலையுயர்ந்த கம்பா, மூங்கிலா என்று பார்க்காமல், இருபது கஜம் தள்ளி உட்காருங்கள். ரயில் டிக்கட்டு ஜன்னலிலும், ரேஷன் கடையிலும், தண்ணீர்க் குழாயடியிலும் நாம் தினந்தோறும் தவற விடுகிற பாடம் இதுவே. அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு ஓர் ஏரிக் கரையைப் போல் சௌகரியமான பள்ளிக்கூடம் வேறில்லை. அங்கே காத்திருப்பதற்கு நேரமும் இருக்கிறது; காத்திருக்கும்போது பார்ப்பதற்கு அழகான தண்ணீரும் இருக்கிறது.